சடையன் பதுக்கிய கிழங்கு

ஏரிக்கரைக்குக் கீழே, இலந்தைப் புதருக்கு அடியில், சடையன் என்ற முள்ளம்பன்றி தன் மனைவி நீலியோடு வாழ்ந்துவந்தான். மண் தோண்டுவதில் அந்தக் காட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை. முயலுக்கு வளை வேண்டுமா? கரடிக்குப் புற்றைப் பிளக்க வேண்டுமா? கூப்பிடு சடையனை! வேலை முடிந்ததும் கையோடு கூலி. ஒரு நாள் வள்ளிக்கிழங்கு, ஒரு நாள் கோரைக்கிழங்கு, சில நாள் வெறும் கும்பிடு. என்ன வாங்கினாய் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. அவனும் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் கோடை வந்தால் மண் கல்லாகிவிடும். யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த வருஷம் நீலி வேறு பிள்ளைத்தாச்சி. பொந்தில் சேர்த்து வைத்திருக்கும் கிழங்கு, பிறக்கப்போகும் குட்டிகளோடு சேர்த்துக் கோடையைத் தாண்டுமா என்ற கவலை சடையனை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஏரி மேஸ்திரியான யானை அவனைக் கூப்பிட்டனுப்பியது.

“சடையா! கரையில நண்டு வளை, எலி வளை எல்லாம் பார்த்து அடைக்க ஒரு நிரந்தர ஆள் வேணும். வர்றியா? மழையோ வெயிலோ, வாராவாரம் கூலி. உடம்புக்கு முடியாம படுத்துக்கிட்டாலும் கூலி உண்டு!”

“வர்றேன் மேஸ்திரி! நாளைக்கே வர்றேன்!” சடையனின் முட்கள் சந்தோஷத்தில் சலசலத்தன.

“சரி. ஆனா ஒண்ணு. இங்கே கூலியில வரி பிடிச்சுக்கிட்டுத்தான் மிச்சம் கைக்கு வரும். அந்தக் கணக்கெல்லாம் நாணல்ல இருக்கிற தாழைக்கோழி பார்த்துக்கும்.”

வரி! சடையன் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறான். அது தன் பக்கம் வரும் என்று நினைத்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு நடந்தான்.

வழியில் அத்திமரத்தில் ஒரு வால்காக்கை உட்கார்ந்திருந்தது. காட்டில் தனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று அதற்கு ஒரு நினைப்பு. சடையன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.

“அடப் பாவி, மாட்டிக்கிட்டியே!” என்று வால்காக்கை தலையில் அடித்துக்கொண்டது. “வேலையில சேர்ந்த அன்னைக்கே உன் பேரு தாழைக்கோழிக்குப் போயிடும். இத்தனை வருஷமா எங்கே தோண்டினே, என்ன வாங்கினேன்னு துருவும். எல்லாத்துக்கும் மொத்தமா வரி போட்டு, உன் பொந்தையே வழிச்சு எடுத்துக்கிட்டுப் போயிடும்!”

“ஐயோ, அண்ணே! அப்போ நான் என்ன பண்றது?”

“ஒளிச்சு வை! பொந்து காலியா இருந்தா எதை எடுத்துக்கிட்டுப் போகும்? சரி சரி, யோசனை சொன்னதுக்கு அந்தத் தாழ்ந்த கிளையிலே இருக்கிற பழத்தை உலுக்கிவிட்டுட்டுப் போ.”

தாழைக்கோழியை வால்காக்கை தூரத்தில் பார்த்திருக்கிறது. வரியைப் பற்றி அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அது சொன்ன வேகத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

நீலி மட்டும் நம்பவில்லை. “ஏங்க, இதுக்கு எதுக்கு இவ்வளவு குழப்பம்? தாழைக்கோழி அக்காகிட்டயே போய் ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது! கேட்டா நாமளே நம்மைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும்” என்றான் சடையன். பயந்தவனுக்கு எப்போதும் இப்படித்தான். கதவைத் தட்டினாலே பிடித்துக்கொள்வார்கள் என்று தோன்றும்.

எங்கே ஒளிப்பது? யோசித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று துள்ளினான். ஏரிக்கரைக்குள்! அங்கே வளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய ஆளே அவன்தான். வேறு யார் பார்க்கப்போகிறார்கள்?

மறுநாள் உச்சிவெயிலில் எல்லோரும் நிழலில் கண்ணயர்ந்திருந்தபோது, சடையன் கரையில் ஆழமாகத் தோண்டினான். கிழங்கை எல்லாம் உள்ளே அடுக்கினான். மண்ணைப் போட்டு மிதித்து மேலே புல்லை நட்டான். அழகான வேலை! அவனே ஒரு தடவை தள்ளி நின்று ரசித்தான். வளையை அடைக்கக் கூலி வாங்கும் ஆள், வேலையில் சேர்ந்ததும் செய்த முதல் வேலை அதுதான்.

அதற்கப்புறம் தாழைக்கோழியின் சிவப்பு மூக்கு நாணலுக்கு நடுவே தெரிந்தாலே சடையன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

“சடையா! கொஞ்சம் நில்லு! உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்!” என்று அது கூப்பிடும்.

“மேஸ்திரி அவசரமா கூப்பிடுறாருங்க!” என்று இவன் ஓடுவான். மேஸ்திரி கூப்பிட்டால், “தாழைக்கோழி அக்கா அவசரமா கூப்பிடுறாங்க!” என்று திரும்பி ஓடுவான். வேலை பார்த்த களைப்பைவிட ஓடிய களைப்புதான் அவனுக்கு அதிகம்.

மழை பிடித்தது. ஏரி நிரம்பித் தளும்பியது. ஈரத்தில் ஊறிய கிழங்கு மணக்கத் தொடங்கியது. காட்டுப்பன்றிகளின் மூக்குக்கு அது போதாதா?

ஒரு விடியலில் சடையன் வேலைக்கு வந்தபோது, கரையில் பெரிய பள்ளம். அதற்குள் தலையை விட்டுப் பன்றிகள் கிழங்கை மென்றுகொண்டிருந்தன. “ஐயோ, என் கிழங்கு!” என்று பாய்ந்தவன் அப்படியே நின்றான். பள்ளத்தின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. இது கலங்கி வந்தது. கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று அர்த்தம்.

சத்தம் போட்டால் எல்லோரும் ஓடி வருவார்கள். கிழங்கைப் பார்ப்பார்கள். வேலையும் போகும், மானமும் போகும். பன்றிகளை விரட்டிவிட்டுத் தானே அடைத்துவிடலாமா? சடையன் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டான். தண்ணீர் அதைச் சட்டென்று விழுங்கிவிட்டது. கரைக்கு நேர் கீழே அவன் பொந்து. பொந்துக்குள் நீலி.

“கரை உடையுது! எல்லாரும் ஓடி வாங்க! கரை உடையுது!” என்று தொண்டை கிழியக் கத்தினான்.

யானை பெரிய மரத்துண்டை உருட்டி வந்து பள்ளத்தில் திணித்தது. எருமைகள் வரிசையாக நின்று களிமண்ணை மிதித்தன. நீர்நாய்கள் உள்பக்கம் மூழ்கி ஓட்டையை அடைத்தன. சடையன் எல்லோருக்கும் நடுவில் பைத்தியம் பிடித்தவன்போல மண்ணை வாரி வாரிப் போட்டான். வெயில் ஏறுவதற்குள் கசிவு நின்றது.

“கரைக்குள்ள கிழங்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்டது யானை.

“எங்களை ஏன் பார்க்கிறீங்க? மணந்துச்சு, தோண்டினோம்!” என்றன பன்றிகள்.

சடையன் முட்கள் எல்லாம் தொங்கிப்போய் முன்னால் வந்தான். “நான்தான் வச்சேன் மேஸ்திரி. பழைய கூலிக்கெல்லாம் வரி கேப்பாங்களோன்னு பயந்து ஒளிச்சு வச்சேன்.”

தாழைக்கோழி சிறகை உதறிக்கொண்டு முன்னால் வந்தது. “மண்டு! ஒரு வருஷக் கூலி ஒரு எருமைச் சுமையைத் தாண்டினாத்தான்டா வரி! தாண்டினாலும், தாண்டினதுல மட்டும் பத்துல ஒரு பங்குதான். நீ அங்கே ஒண்ணு இங்கே ஒண்ணுன்னு வாங்கின கிழங்கு ஒரு ஆட்டுச் சுமைகூட வராதே! அதுக்கு ஒரு வேர்கூட நான் கேட்டிருக்க மாட்டேன்” என்றது.

“அப்போ தினமும் என்னைத் துரத்தினீங்களே அக்கா?”

“நீலி மாசமா இருக்கான்னு கேள்விப்பட்டேன். குட்டி போடப்போற வீட்டுக்கு வரியில தள்ளுபடி உண்டு. அதைச் சொல்லத்தான் உன் பின்னாடி ஓடி ஓடி என் கால் வீங்கிப்போச்சு!”

சுற்றி நின்ற மிருகங்கள் குபீரென்று சிரித்தன. சடையனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“வரி வரின்னு பயந்தியே, இன்னைக்கு வந்த எருமைங்களுக்கும் நீர்நாய்ங்களுக்கும் யாரு கூலி கொடுக்கிறது? அந்த வரியிலிருந்துதான்டா!” என்றது தாழைக்கோழி.

யானை தீர்ப்புச் சொன்னது. “ஒளிச்சது தப்பு. ஆனா மறைக்காம கத்தினியே, அதனால வேலை உனக்குத்தான். இந்த இடத்துக் கரையை மட்டும் கூலி இல்லாம கட்டிக் கொடு.”

மரத்தின் மேலிருந்து வால்காக்கை, “நான் அப்பவே சொன்னேனே!” என்று ஆரம்பித்தது. சத்தம் கேட்டுக் கரைக்கு வந்திருந்த நீலி அதை ஒரு பார்வை பார்த்தாள். அது பறந்துபோய்விட்டது.

பன்றிகள் தின்றது போக, தண்ணீர் அடித்துக்கொண்டு போனது போக, கிழங்கில் மிஞ்சியது ஒரு பிடிதான். வரி என்று ஒரு வேர்கூடக் கொடுக்க வேண்டியிராத கிழங்கு! அந்த ஒரு பிடியைச் சடையன் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான். ஆனால் வாரக் கூலி வந்தது. அடுத்த வாரமும் வந்தது. கோடையில் பக்கத்துக் காடெல்லாம் காய்ந்து கிடந்தபோதும் வந்தது. நீலியின் குட்டிகள் அதைத் தின்று உருண்டு திரண்டன.

இப்போதெல்லாம் கூலி நாளில் சடையன்தான் தாழைக்கோழியை முதலில் தேடிப் போகிறான். “இது எதுக்குப் பிடிச்சீங்க? அது எதுக்கு? அடுத்த வருஷம் எவ்வளவு வரும்?” என்று துளைத்து எடுக்கிறான். அவன் வருவது தெரிந்தால் இப்போது தாழைக்கோழிதான் நாணலுக்குள் ஒளிந்துகொள்கிறது!

தெரிந்தவரிடம் கேட்கப் பயந்து தெரியாதவர் பேச்சை நம்புகிறவன், கொடுக்க வேண்டியதைவிட அதிகமாகவே இழந்துபோவான்.