சிரிக்கப் போன திம்மப்பர்

வெகுகாலத்துக்கு முன்னே வெண்ணாவலூரை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதைக் கடித்தவர் சொன்னதுதான் அவனுக்கு வேதம்.

அந்த வருஷம் ஊரெங்கும் விஷக்காய்ச்சல். அரண்மனை வைத்தியர் கச்சபேசர் வீடு வீடாக அலைந்தார். பிழைத்தவர்கள் சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள்; செத்தவர்கள் வீட்டில் வைத்தியரை ஏசினார்கள். உலகம் அப்படி! மனிதர் சிரிப்பையே மறந்துபோனார்.

அவர் செல்வாக்கைக் கண்டு பொருமிக்கொண்டிருந்த அரண்மனை அதிகாரி திம்மப்பர் சமயம் பார்த்துப் பற்றவைத்தார். "மன்னா, வைத்தியர் முகத்தில் எப்போதும் இழவுக்களை. அந்த முகத்தோடு தங்கள் நாடியைத் தொடலாமா?"

"வைத்தியரே, நாளை முதல் சிரித்த முகத்தோடு வாரும். இல்லையேல் நாடு கடத்துவேன்!" என்றான் ராஜா.

"இன்றைக்கே போகிறேன், மன்னா. எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது" என்றார் கச்சபேசர்.

சபை திடுக்கிட்டது. அவரும் போனால் ஊருக்கு வேறு நாதியில்லை. மந்திரி குணபாலர் மெல்ல எழுந்தார்.

"மன்னா, சிரிப்பும் ஒரு வித்தை. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாமா? நம் திம்மப்பரைவிடச் சிரித்த முகம் யாருக்கு? இன்று ஒரு நாள் வைத்தியரோடு போகட்டும். மருந்து கொடுப்பது வைத்தியர். வீட்டாரிடம் பேசுவது திம்மப்பர்."

"அதென்ன பிரமாதம்!" என்று திம்மப்பர் வெற்றிலை குதப்பியபடி கிளம்பினார்.

உச்சிப்பொழுதுக்குள் வைத்தியரோடு திரும்பிவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கே சிரிப்பு?" என்றான் ராஜா.

"குயவர் வீடு, மன்னா. நாங்கள் போன கொஞ்ச நேரத்தில் பெண்குழந்தையின் உயிர் போய்விட்டது. சொல்ல வேண்டியவன் நான். வாசலுக்கு வந்தேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'சாமி, எம்புள்ள கண்ணு முழிச்சிட்டாளா?' என்றாள்."

"என்ன சொன்னீர்?"

"வாயே எழவில்லை. வைத்தியர்தான் சொன்னார்."

"அப்புறம் எந்த வீட்டுக்குப் போனீர்?" என்றார் மந்திரி.

"அப்புறமா? என்னால் முடியாது, ஐயா!"

"வைத்தியர் போவார். போய்விட்டு, மன்னருக்கு ஏப்பம் வந்தால் இங்கேயும் வருவார். சிரித்துக்கொண்டு வரவேண்டுமாம்!"

ராஜா தலைகுனிந்தான். "திம்மப்பரே, காய்ச்சல் தீரும்வரை நீர் வைத்தியரின் மருந்துப் பையைச் சுமக்க வேண்டும்" என்றவன், தன் முத்துமாலையைக் கழற்றி வைத்தியரிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம், மன்னா. தங்கள் நாடியைத் தொடும் கை சாவு வீட்டில் நிற்கக் கூடாது என்பது அரண்மனைக் கட்டளை. உயிர் பிரிந்ததும் ஓடிவந்துவிடுவேன். யாருக்காகவும் அழுததில்லை. அந்தக் குழந்தையின் அடக்கத்துக்குப் போக உத்தரவு தாருங்கள்."

"போய்வாரும். என் ஏப்பம் எங்கும் ஓடிப்போகாது."

குயவர் வாசலில் கச்சபேசர் மண்ணில் உட்கார்ந்தார். அந்தத் தாய் ஏசுவாள் என்றே நினைத்தார். அவளோ, "நீங்களும் வந்தீங்களா, சாமி" என்றாள். அவ்வளவுதான், மனிதர் வாய்விட்டு அழுதார்.

அழுதுகொண்டிருக்கும்போதே அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. "இதோ வருகிறேன்" என்று எழுந்தார்.