கையெழுத்துப் போடத் தெரிந்த அப்பா

முதலில் என்னை அவமானப்படுத்தியவர் எங்கள் ஊர் வங்கி மேனேஜர் ஞானப்பிரகாசம். என் மகள் தமயந்திக்கு எம்.எஸ்சி. சேர இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட மறுநாள்தான் கடைசி. படிப்புக் கடன் தாளில் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் மைப்பெட்டியைக் கேட்டேன்.

"கைநாட்டா? கையெழுத்துப் போடத் தெரிஞ்ச அப்பாவாப் பார்த்துக் கூட்டிட்டு வாம்மா," என்று என் மகளிடம் சொன்னார் மேனேஜர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தமயந்தி தரையைப் பார்த்தாள். நான் விரலை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டேன்.

ஆனால் வங்கி திறக்கும் முன்பே வாசலில் காத்திருந்தவன் நான்.

"சார், காலையில வந்ததும் கதவோரம் இருக்குற மெஷின்ல எதை வச்சீங்க?"

"பெருவிரலை. அது அட்டெண்டன்ஸுய்யா."

"உங்க கைநாட்டை நம்பி பேங்க்குல மாசாமாசம் சம்பளம் குடுக்குறாங்க. என் கைநாட்டை நம்பி ஒரு கடன் குடுக்கக் கூடாதா?"

இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. மைப்பெட்டி வந்தது. தமயந்தி மட்டும் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை தலை நிமிரவும் இல்லை.

படித்து வேலைக்குப் போய், கடைசித் தவணையையும் அவள் கட்டிவிட்டாள். நானும் எழுதப் பழகிவிட்டேன். அன்று சொன்னதற்கு ஞானப்பிரகாசம் இன்னும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. எங்கள் பாக்கி தீர்ந்தது. அவர் பாக்கி அப்படியே நிற்கிறது.