கரிச்சான் கொடுத்த குரல்

குளக்கரை வளையில் செவந்தி என்ற கீரி தன் குட்டிகளோடு குடியிருந்தது. முந்தின நாள் மழையில் வளை இடிந்துவிட்டது. மேற்கே மறுபடியும் மேகம் கட்டியது. பொழுது சாய்வதற்குள் வளை எழும்பாவிட்டால் கண் திறக்காத குட்டிகள் நனைந்தே செத்துப்போகும்.

செவந்தி விடிந்ததுமே இடிந்த சுவருக்கு ஈரமண்ணால் முதல் பூச்சுப் பூசியது. பிறகு அதன் எதிரே உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன செய்கிறாய்?" என்று கேட்டது வேலமரத்தில் இருந்த கரிச்சான் குருவி.

"மண் காயக் காத்திருக்கிறேன். காய்ந்தால்தானே மறுபூச்சு? தொட்ட வேலையை முடிக்காமல் எங்கள் வம்சத்தில் யாரும் நகரமாட்டார்கள்!"

"நீ பார்க்காவிட்டால் மண் காயாதா? வாசலுக்குப் படல் முடையக் கோரை ஊற வேண்டாமா? விரிசல் அடைக்கப் பிசின் வேண்டாமா?"

"அதையெல்லாம் நினைத்து வைத்திருக்கிறேன்!"

"நினைத்தால் கோரை ஊறிவிடுமா? போய்த் தண்ணீரில் போடு! மரப்பட்டையைக் கீறி விடு! எது தயாரானாலும் நான் குரல் கொடுக்கிறேன். இங்கிருந்து எனக்கு எல்லாம் தெரிகிறது."

செவந்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய்க் கோரையைக் குளத்தில் அமுக்கியது. வேலமரத்தைக் கீறியது. நடுவே குட்டிகளுக்குப் பாலும் கொடுத்தது.

"மண் காய்ந்தது!" என்றது கரிச்சான். செவந்தி வந்து மறுபூச்சுப் பூசியது.

"பிசின் வடிகிறது!"

"இரு, இரு! இந்த மூலையை வழவழப்பாக்கிவிட்டு வருகிறேன்!"

"மூலை எங்கேயும் போகாது. பிசின் இறுகிவிடும், வா!"

செவந்தி பாதியில் விட்டுவிட்டு ஓடியது. விரிசலை அடைத்ததும் விட்ட இடத்திலிருந்தே மூலையைத் தொடர்ந்தது. அதற்குள் கோரையும் ஊறியிருந்தது.

படலைக் கட்டி முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. உள்ளே குட்டிகள் சொட்டு நனையாமல் தூங்கின. வெளியே கரிச்சான் நனைந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் அது ஒரு பூச்சிகூடப் பிடிக்கவில்லை.

"உள்ளே வா!" என்றது செவந்தி.

"கீரி வீட்டுக்குள்ளா? நானா?"

"உன்னைத் தின்றுவிட்டு என் குட்டிகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வா!"

கரிச்சான் சிறகை உதறிக்கொண்டு உள்ளே வந்தது. "நான் வெறுமனே கத்தினேன். வேலை செய்தது உன் நாலு கால்தானே?"

"கால் என்னுடையதுதான். பொழுது நீ கொடுத்தது," என்றது செவந்தி. அதன் கண் கலங்கியது.

தானாக ஆகும் வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பவருக்கு ஒரு பகலே போதும். வேளையறிந்து கூப்பிட்டவரை மட்டும் அவர் மறக்கக்கூடாது.