மீன் கருவும் பலாச்சுளையும்

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு எங்கள் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தவர் ஆறுமுகநயினார். அவருக்கு வழிகாட்டி ஜெனோவா மேடம், அவரைவிட இருபது வயது இளையவர். அவர் 'மேடம்' என்பார், இவர் 'சார்' என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் குரு என்று தெரியாமல் சாருக்கு வணக்கம் வைப்பார்கள்.

அன்று சார் பையை மாட்டிக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்தார்.

"நான் கிளம்புதேன் மேடம். இந்தப் படிப்பு எனக்கு ஆகாது."

"என்ன ஆச்சு சார்?"

"மீன் கருவுல, பின்னால முட்டையாவும் விந்தாவும் ஆகப்போற செல்லெல்லாம் ஒரு இடத்துல பிறந்து இன்னொரு இடத்துக்கு நகந்து போகுதுல்லா? அங்கேருந்து ஒரு புரதம் கசிஞ்சு, வா வான்னு கூப்பிடுது. வழியில கிடக்கிற மத்த செல்லுக அந்தப் புரதத்தை முழுங்கிருது."

"ஆமா."

"நான் அந்த முழுங்கலை நிறுத்திட்டேன். முப்பது வருஷம் பிரேயர்ல மைக்கைக் கூட்டி வச்சே பிள்ளைகளை வரிசையில நிறுத்துனவன். கூப்பாடு கூடுனா சீக்கிரம் வந்து சேரும்னு நினைச்சேன். ஒண்ணுகூட ஒழுங்காப் போய்ச் சேரல. திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளை மாதிரி அலையுது. ஒன்றரை வருஷம் போச்சு. இந்த வயசுல மீன் முட்டை எதுக்குன்னு வீட்டுல சிரிச்சாங்க. சரியாத்தான் சிரிச்சிருக்காங்க."

அறையில் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் எங்களுக்கே பாவமாக இருந்தது.

மேடம் சிரித்தார். "சார், காலையிலேருந்து இந்த அறையில ஒரு பலாச்சுளைப் பொட்டலம் இருக்கு. இந்தப் பசங்களுக்குப் பயந்து ஒளிச்சு வச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு மூக்கால கண்டுபிடிங்க. கிடைச்சா, தின்னுட்டே கிளம்புங்க."

கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடந்தன. அறை பூராவும் பலா மணம். சார் கண்ணை மூடிக்கொண்டு மோந்து மோந்து போனார். பிரிண்டரை மோந்தார். நாற்காலியை மோந்தார். கடைசியில் என் தலையை மோந்தார்.

"எங்க பாத்தாலும் வாசனையா இருக்கு மேடம். எங்கிட்டுப் போக?"

"வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

போகிற போக்கில் மேடம் ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்துவிட்டார். நல்ல காற்று.

"ஐயையோ, இருக்கிற வாசனையும் போயிரப்போகுது!" என்றார் சார்.

திரும்பி வந்ததும் சார் மறுபடி கண்ணை மூடினார். இரண்டு எட்டு வைத்தார், நின்றார், இடது பக்கம் திரும்பினார். நேராகப் போய் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தார். நாங்கள் கைதட்டினோம்.

சார் கைதட்டலைக் கவனிக்கவே இல்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லப் பையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ அந்த முழுங்குற செல்லுகதான் ஜன்னலா மேடம்? நான் மறுபடி எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?"

மேடம் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வாசனை எங்க குறையுதோ, அங்கேருந்து சார்."