தட்டாத பிள்ளை

மகுடபதி ஊருக்கே யோசனை சொல்கிறவர். தன் குரு நாச்சியம்மையிடம் மட்டும் யோசனை கேட்பார். அதுவும் பதிலைக் கையோடு கொண்டுவந்துவிட்டுத்தான் கேட்பார். குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

அன்று மகள் நித்திலாவையும் முதல் முறையாக மடத்துக்கு அழைத்து வந்திருந்தார். பதினைந்து வயதுப் பெண். பேச்சும் புரிதலும் ஐந்தாறு வயதுப் பிள்ளையைப் போல. முற்றத்தில் உட்கார்ந்து தன் கொலுசை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காசிக்குப் பத்து நாள் போலாம்னு இருக்கோமுங்கம்மா. பாப்பாவை வீட்டுல விட்டுட்டு வர அவங்கம்மா ருக்குமணி பயப்படறா. அவ பயம் போக ஒரு வழி சொல்லுங்க.”

“பாப்பா யாரோட இருப்பா?”

“என் தம்பி இருக்கான், நம்ம வேன் ஓட்டற டிரைவர் இருக்காரு. அவரும் பத்து வருசப் பழக்கமுங்க. வெளியாள் ஒருத்தன் கேட்டைத் தாண்ட முடியாது. அதுவுமில்லாம, இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கெடுதல் பண்ண யாருக்குங்க மனசு வரும்?”

“கெடுதல்னா என்னன்னு அவகிட்டப் பேசியிருக்கீங்களா?”

“அவளுக்கு என்னங்க புரியும்? ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்கோம். பெரியவங்க சொன்னா தட்டக்கூடாது. தட்டவே மாட்டா. நீங்களே பாருங்க.”

குரு முற்றத்துக்குப் போனார்.

“கண்ணு, கொலுசைக் குடு.”

அவள் உயிராக வைத்திருந்த கொலுசு அது. ஒரு நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள். மகுடபதிக்குப் பெருமை தாங்கவில்லை.

குரு அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் எழுந்து, பூக் கட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குரு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“பாப்பாவைக் கூப்பிடுங்கம்மா, நேரமாகுது.”

“நீங்களே கூப்பிடுங்க.”

“நித்திலா!”

பதில் இல்லை. கதவருகே போய்க் கூப்பிட்டார். உள்ளே சின்னதாக ஒரு விசும்பல் கேட்டது. கதவைத் தள்ளினார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள் நித்திலா. கண் நிறைய நீர்.

“என்னம்மா சொன்னீங்க அவகிட்ட?”

“அப்பா கூப்பிட்டாலும் பேசக்கூடாதுன்னேன்.”

“நீங்க சொன்னதாலதானுங்க... உங்க மேல மரியாதை...”

“என்னை அவ இன்னிக்குத்தான் பார்க்கறா. அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.”

மகுடபதி மகளின் கையை வாயிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

“பயமுறுத்திட்டேன் கண்ணு, என் தப்பு,” என்றார் குரு. “மாட்டிவிடட்டுமா?”

அவள் தலையசைத்த பிறகே கொலுசை மாட்டிவிட்டார். மறுபடி கை நீட்டினார். “கொலுசைக் குடு.”

அவள் கை கொலுசுக்குப் போனது.

“குடுக்க இஷ்டமா?”

இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்ப மாட்டேன்னு சொல்லு.”

நித்திலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லு சாமி,” என்றார் மகுடபதி.

“மாட்டேன்.”

பதினைந்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை.

“காசி எங்கயும் போயிடாதுங்கம்மா,” என்றார் கடைசியில். “வீட்டுல இதைச் சொல்லிக் குடுக்கறேன்.”

கிளம்பும்போது பழக்கம் விடவில்லை. “அம்மா கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ, கண்ணு.”

“மாட்டேன்.”

மகுடபதி பதறிப்போனார். “அய்யோ, அம்மாகிட்டயா அப்படிச் சொல்றது!”

குரு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“என்கிட்டதான் மொதல்ல சொல்லணும்.”