அனுபவம் கேட்ட மேனேஜர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பிளஸ் டூ முடித்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி என்று வாசலில் பலகை தொங்கியது. அன்று கடைசி நாள். இங்கே இடம் கிடைக்காவிட்டால் கௌசிகாவை மாமன் வெளியூர் மில் விடுதிக்கு அனுப்பிவிடுவார்.

மேனேஜர் குப்புராஜ் அவள் விண்ணப்பத்தை நுனிவிரலால் தள்ளினார். "ரெண்டு வருஷ அனுபவம் இல்லாம யாரையும் உள்ள விடறதில்ல, அம்மிணி."

"பழகறதுக்குத்தானுங்க வந்திருக்கேன்."

"பழகறதுக்கும் அனுபவம் வேணும். கெளம்பு."

கௌசிகா அசையவில்லை. மேனேஜருக்குப் பின்னால், புது எம்பிராய்டரி மெஷினை டெய்லர்கள் சுற்றி நின்றார்கள். மெஷினை விற்ற கம்பெனியின் ஆள் நூல் கோத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மெஷின்ல உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவமுங்க?"

"நேத்துத்தான் வந்து எறங்குச்சு. இன்னிக்குத்தான் எல்லாரும் பழகறோம்."

"அப்ப உங்களை உள்ள விட்டது யாருங்க?"

டெய்லர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மெஷின் கம்பெனி ஆள் மட்டும் சிரிக்கவில்லை. "பழைய பழக்கம் இல்லாத கைதான் சார் இதைச் சீக்கிரம் பிடிக்கும். அந்தப் பொண்ணையும் உக்கார வைங்க."

குப்புராஜ் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கௌசிகா உட்காரவில்லை. விண்ணப்பத்தை நீட்டினாள்.

"மொதல்ல கையெழுத்துப் போட்டுருங்க. அப்புறம் உக்காந்துக்கறேன்."