கோலுக்கு ஒரு பாட்டு

காட்டுக்குள் ஒரு தாமரைக் குளம். குளத்தை ஒட்டி ஓர் உயர்நிலைப் பள்ளி. அதில் படித்தவர்கள் மொத்தமே பதினோரு பேர்.

பதினோரு பேர் இருந்தால் ஒரு கால்பந்து அணி அமைக்கலாம். அமைத்தார்கள். பேண்டுக் குழு, பஜனைக் குழு, பாட்டுக் குழு என்று மூன்று இசைக் குழுக்களும் இருந்தன. எல்லாவற்றிலும் அதே பதினோரு பேர்தான். ஒரு குழு பாடும்போது கேட்பதற்கு ஆள் இல்லை என்பது மட்டும்தான் குறை.

விளையாட்டு வாத்தியார் கீரி. பாட்டு வாத்தியார் செம்போத்து. பள்ளி விட்டதும் பிள்ளைகள் தனக்குத்தான் வேண்டும் என்று கீரி சொல்லும். தனக்குத்தான் என்று செம்போத்து சொல்லும். மைதானத்துக்குக் கீரி காலைப் பிடித்து இழுக்க, மரத்தடிக்குச் செம்போத்து காதைப் பிடித்து இழுக்க, நடுவில் பிள்ளைகள் நீளமாகிக்கொண்டே வந்தார்கள்.

வழக்கு தலைமை ஆசிரியர் ஆமையிடம் போயிற்று. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. உள்ளே யோசித்ததா தூங்கியதா என்பது ஆமைக்கே வெளிச்சம். தலை வெளியே வந்ததும் தீர்ப்பும் வந்தது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் பந்தும் ஆடட்டும். ஒவ்வொரு கோல் விழுந்ததும் அங்கேயே ஒரு பாட்டும் வாசிக்கட்டும்.

"முழுப் பாட்டா சார்?" என்று கேட்டது கீரி.

"பின்னே? அரைப் பாட்டு அபசகுனம்," என்றது செம்போத்து.

அன்றிலிருந்து அதுவே அந்தப் பள்ளியின் வழக்கம். கோல் போட்டதும் அணி மொத்தமும் கோட்டுக்கு வெளியே ஓடும். ஓணான் புல்லாங்குழலை எடுக்கும். முள்ளம்பன்றி ஜால்ராவை எடுக்கும். கோல்கீப்பர் உடும்புதான் டிரம். பல்லவியில் ஆரம்பித்துச் சரணம்வரை வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஆளில்லாத மைதானத்தில் எதிரணி இரண்டு கோல் போட்டுவிட்டு நிம்மதியாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். நடுவர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி எல்லாவற்றையும் பார்க்கும். பந்து வலைக்குள் போகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ஆள் எங்கே என்று தேடுவது அதன் வேலை இல்லை.

இப்படியே அந்தப் பருவம் முழுக்கத் தோற்றார்கள். ஏன் தோற்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது என்று எதிரணிக்காரர்களே சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால் ஏதோ பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கல்வி அதிகாரி யானை வந்தது. ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத பள்ளியைத் தனியாக நடத்துவதற்கில்லை, இதிலும் தோற்றால் புல்வெளிப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறேன் என்றது. கடைசி ஆட்டமும் அந்தப் பெரிய பள்ளியோடுதான்.

மற்றவர்களுக்கு இது பெரிதாகப் படவில்லை. பெரிய பள்ளியில் மதியத்துக்கு இரண்டு கிழங்கு போடுவார்களாமே என்று முள்ளம்பன்றி விசாரித்தது. சருகுமானுக்கு மட்டும்தான் பெரிதாகப் பட்டது.

சருகுமான் அந்த அணியிலேயே சின்னது. முயல் அளவுதான் இருக்கும். ஆனால் எதிரிகளின் கால்களுக்கு நடுவே பந்தோடு புகுந்து அந்தப் பக்கம் வெளியே வர அதைவிட்டால் ஆள் கிடையாது. பெரிய பள்ளியிலோ காட்டெருமைகளும் கடமான்களும் மட்டுமே ஆடும். மற்ற எல்லோருக்கும் பெஞ்ச்தான். அங்கே போனால் இனி தன் காலில் பந்து படாது என்று சருகுமானுக்குத் தெரியும்.

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்திலேயே சருகுமான் நான்கு எருமைகளின் பதினாறு கால்களுக்கு அடியில் புகுந்து போய் ஒரு கோல் போட்டது. போட்டதும் என்ன நடந்திருக்கும்? எல்லோரும் ஓடினார்கள். பாட்டு பிரமாதம். பல்லவியில் ஒரு கோல் வாங்கினார்கள், சரணத்தில் ஒரு கோல் வாங்கினார்கள்.

இடைவேளையில் சருகுமான் முதன்முறையாக விஷயத்தை உடைத்துச் சொன்னது. பாட்டுதான் நம்மைத் தோற்கடிக்கிறது என்றது. அப்படியானால் பாட்டை நிறுத்து என்று கீரி குதித்தது. பாட்டில்லாத கோல் குஞ்சு பொரிக்காத முட்டை என்று செம்போத்து சிறகை விரித்தது. உடும்பு மட்டும் உண்மையைச் சொன்னது: "நீங்க நிறுத்தச் சொன்னாலும் நிக்காது சார். கோல் விழுந்தா என் கால் தானா டிரம்முக்கு ஓடுது. வருஷம் பூரா அதைத்தானே பழக்கினீங்க?"

வாத்தியார்கள் இருவரும் யார் யாரைக் கெடுத்தது என்று வாதாட ஆரம்பித்தார்கள். சருகுமான் தண்ணீர் குடிக்கக் குளத்துப் பக்கம் போனது.

போகிற வழியில் பெரிய பள்ளியின் பெஞ்ச் இருந்தது. நரிக்குட்டி, மரநாய், மயில், இன்னும் யார் யாரோ வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய சட்டையும் மடிப்புக் கலையாமல் இருந்தது. சருகுமானைப் பார்த்ததும் நரிக்குட்டி பக்கத்தில் இருந்தவர்களை நெருக்கிக்கொண்டு நகர்ந்தது.

"வா வா. உனக்கும் ஓரமா இடம் போட்டு வச்சிருக்கோம்."

அன்பாகத்தான் சொன்னது. சருகுமானுக்குத் தண்ணீர் தாகமே போய்விட்டது.

"நீங்க எப்ப ஆடுவீங்க?"

"அடுத்த வருஷம்."

"போன வருஷம் என்ன சொன்னாங்க?"

"அடுத்த வருஷம்னுதான்."

பெரிய பள்ளியிலும் பேண்டு உண்டு, ஆனால் அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும், வரிசை நகர்ந்து தான் பார்த்ததில்லை என்றது மயில். சருகுமான் அந்த வரிசையையும் பார்த்தது, தனக்கென்று விட்டிருந்த அந்த ஓரத்தையும் பார்த்தது. பிறகு கேட்டது:

"எங்க டிரம்மைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறீங்களா? கோல் விழுந்தா அடிக்கணும். அவ்வளவுதான்."

"நாங்க எதிரணி ஆச்சே," என்றது மரநாய்.

"டிரம்முக்கு அது தெரியாது."

மூன்று பேரும் எழுந்து வந்தார்கள். எழுந்தபோது அவர்களுக்கே கால் மரத்துப் போயிருந்தது. செம்போத்து முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. சுருதி தெரியாதவர்கள் கையில் வாத்தியமா என்றது. ஆனால் கேட்பதற்கே ஆள் இல்லாமல் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அது. வாசிக்கவே ஆள் வந்து நிற்கும்போது எத்தனை நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? புல்லாங்குழலை மயிலிடம் கொடுத்துவிட்டது. ஜால்ரா மரநாய்க்குப் போயிற்று. டிரம்தான் வருவதாக இல்லை. உடும்பு பிடித்தால் பிடித்ததுதான். கடைசியில் முள்ளம்பன்றி பின்னால் வந்து ஒரே ஒரு முள்ளால் அதன் அக்குளைத் தொட்டது. சிரித்துச் சிரித்து உடும்பு கையை விட்டது. நரிக்குட்டி டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

இரண்டாம் பாதியில் சருகுமான் மறுபடியும் புகுந்தது. ஓணானுக்குப் பந்தைத் தள்ளியது. ஓணான் வாலால் ஒரு தட்டு. கோல்!

பழக்கதோஷத்தில் குளத்துப் பள்ளி அணி மொத்தமும் கோட்டை நோக்கி ஓடியது. பாதி வழியில் பார்த்தால், வாத்தியங்கள் ஏற்கெனவே முழங்கிக்கொண்டிருந்தன. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. இடி இடித்த மாதிரி சத்தம் மட்டும் இருந்தது. அங்கே தங்களுக்கு வேலை இல்லாததால் எல்லோரும் திரும்பி அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். எதிரணி பந்தை உருட்டியபோது மைதானத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். கோல் போட்ட பிறகு அந்தப் பருவத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

பாட்டு நிற்கவில்லை. நிறுத்துவதற்கு அந்தப் பெஞ்ச்காரர்களுக்கு மனம் வரவில்லை. பெரிய பள்ளியின் பயிற்சியாளர் காட்டெருமைக்கு மூக்கில் புகை வந்தது.

"டேய், நீங்க யார் பக்கம்டா?"

"எங்களை நீங்க எந்தப் பக்கமும் சேர்க்கலையே சார்," என்றது நரிக்குட்டி, அடிப்பதை நிறுத்தாமல்.

முதலில் அந்த டிரம்மைப் பிடுங்குங்கள் என்று பயிற்சியாளர் தன் அணியைப் பார்த்துக் கத்தியது. பெரிய பள்ளியில் சொன்ன சொல்லைத் தட்டுகிற வழக்கம் இல்லை. கடமான்கள் ஓடின. காட்டெருமைகள் ஓடின. கோல்கீப்பரும் ஓடியது. பந்து நடு மைதானத்தில் தனியாகக் கிடந்தது. கொக்கு விசில் ஊதவில்லை. ஆள் எங்கே என்று தேடுவதுதான் அதன் வேலை இல்லையே.

சருகுமான் அவசரப்படவில்லை. பந்தைக் காலோடு ஒட்டி, தான் ஆடுகிற கடைசிப் பந்து இதுவாகவும் இருக்கலாம் என்பதுபோல் ஆசையாக உருட்டிக்கொண்டே போய், காலியான வலைக்குள் தள்ளிவிட்டது. பிறகு உடும்பு மிச்ச நேரத்தைப் பார்த்துக்கொண்டது. அதன் கைக்கு வந்த பந்தை ஆட்டம் முடிந்த பிறகும் வாங்க முடியவில்லை.

குளத்துப் பள்ளி குளத்தங்கரையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு யானை போனது. பெரிய பள்ளிக்காரர்களும் கிளம்பினார்கள். அவர்களுடைய பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போகத்தான் ஆள் வரவில்லை. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் செம்போத்தின் முன்னால் நின்று, சரணம் எப்படிப் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சருகுமான் அவர்களைக் கீரியிடமும் அழைத்துப் போய், நாளைக்கு இவர்களுக்கும் ஆளுக்கொரு பந்து வேண்டும் சார் என்றது.

ஆயிரம் பேரைச் சேர்த்துவைத்துச் சும்மா உட்கார வைக்கிற கூட்டத்தைவிட, வந்தவர் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிற சின்னக் கூட்டமே பலமுள்ளது.